முதல் பைக்: 100, 125, 160, 350 – புதிதாக ஓட்டுபவருக்கு எது பொருந்தும்?

"ரைடரா, ஷைனா?" "அப்பாச்சி எடுக்கலாமா, இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து ஹன்டருக்குப் போகலாமா?" முதல் பைக் வாங்கப்போகிறவர்களின் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் வரும். இரண்டு மாடல்களின் பெயர் தயாராக இருக்கும், ஒன்றைக் கைகாட்டச் சொல்வார்கள். ரைடரும் ஷைனும் ஒரே வகை வண்டிகள். அவற்றில் எதை எடுத்தாலும் பெரிதாக எதுவும் கெட்டுப்போகாது. ஆனால் அப்பாச்சிக்கும் ஹன்டருக்கும் நடுவில் எடையில் மட்டும் 40 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. மாடலுக்கு முன்னால் முடிவு செய்யவேண்டியது இந்த அளவைத்தான்.

நம் நாட்டில் 18 வயது முடிந்து கியர் வண்டிக்கான உரிமம் கையில் வந்துவிட்டால், எந்த சிசி வண்டியையும் ஓட்டலாம். 99 கிலோ எடையுள்ள ஷைன் 100-க்கும் 195 கிலோ எடையுள்ள கிளாசிக் 350-க்கும் ஒரே உரிமம்தான். படிப்படியாகப் பெரிய வண்டிக்குப் போகச் சொல்லும் சட்டம் இங்கே இல்லாததால், அந்த வரம்பை வாங்குபவரே போட்டுக்கொள்ளவேண்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் பலரிடம் கியர் இல்லாத வண்டிக்கான உரிமம் மட்டும்தான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு பைக் ஓட்ட முடியாது. ஆர்டிஓ அலுவலகத்தில் அந்தப் பிரிவைச் சேர்க்க விண்ணப்பித்து, எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) வாங்கி, மறுபடி எட்டு போட்டுக் காட்டவேண்டும். எல்எல்ஆர் கிடைத்து 30 நாள் கழித்துத்தான் தேர்வுக்குப் போக முடியும் என்பதால், வண்டியை புக் செய்வதற்கு முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.

## எதை வைத்து எடைபோடுவது

எடையும் சீட்டும். புதியவர்கள் வண்டியைக் கீழே போடும் இடங்களைக் கவனித்துப் பாருங்கள். சிக்னலில் நிற்கும்போது, குறுகலான தெருவில் திருப்பும்போது, சரிவான பார்க்கிங்கில் பின்னால் தள்ளும்போது, ஊன்றிய கால் மணலில் வழுக்கும்போது. எல்லாமே நிற்கும் அல்லது ஊர்ந்துபோகும் வேகத்தில் நடப்பவை. ஓடும்போது வண்டி தன் சமநிலையைத் தானே பார்த்துக்கொள்ளும். நிற்கும்போது அதைத் தாங்குவது உங்கள் கால். வண்டி கொஞ்சம் சாயும்வரை எல்லா எடையும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஓர் அளவைத் தாண்டிச் சாய்ந்துவிட்டால் 112 கிலோவை இழுத்து நிறுத்திவிடலாம், 181 கிலோவைப் பெரும்பாலும் விட்டுவிடத்தான் வேண்டியிருக்கும்.

சீட் உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறவேண்டாம். கீழே உள்ள அட்டவணையில் நான்கு வண்டிகளின் சீட் உயரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சீட்டின் முன்பகுதி அகலமாக இருந்தால் கால் விரிந்து, பாதம் முழுதாகத் தரையில் படியாது. ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே உயரம் உள்ளவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

பிரேக். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது. 125 சிசி வரை சிபிஎஸ் இருந்தால் போதும் என்று விட்டார்கள். சிபிஎஸ் என்றால், பின் பிரேக்கை மிதிக்கும்போது முன் பிரேக்கும் ஓரளவு பிடிக்கும், அவ்வளவுதான். சக்கரம் பூட்டிக்கொள்வதை அது தடுக்காது. நாயோ ஆட்டோவோ திடீரென்று குறுக்கே வந்தால் புதியவர் செய்யும் முதல் காரியம், பிரேக்கை மொத்தமாகப் பிடிப்பது. ஈரச் சாலையில் அப்படிச் செய்யும்போது முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி நொடியில் கீழே போய்விடும். ஏபிஎஸ் காப்பாற்றுவது சரியாக இந்தத் தருணத்தில்தான்.

பின்னால் உட்காரப்போவது யார். நம் வீடுகளில் பைக் ஒருவருக்கானது இல்லை. அம்மா கோயிலுக்குப் போகவேண்டும், அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவேண்டும். படிபோல உயர்ந்த பின் சீட்டில் புடவை கட்டியவர் ஒருபக்கமாக உட்கார முடியாது.

ஐந்து வருடச் செலவு. ஆன்ரோடு விலையோடு பெட்ரோலும் இன்சூரன்சும் சேர்ந்ததுதான் நீங்கள் உண்மையில் கொடுக்கும் பணம்.

எந்தச் சாலை. தினமும் நகரத்துக்குள் 20 கிலோமீட்டரா, பைபாஸில் 60 கிலோமீட்டரா என்பது.

| | 100 சிசி | 125 சிசி | 150–160 சிசி | 350 சிசி |
|---|---|---|---|---|
| எடுத்துக்காட்டு | ஸ்ப்ளெண்டர் பிளஸ் | டிவிஎஸ் ரைடர் | அப்பாச்சி ஆர்டிஆர் 160 | ஹன்டர் 350 |
| எடை (சுமார்) | 112 கிலோ | 123 கிலோ | 137 கிலோ | 181 கிலோ |
| சீட் உயரம் | 785 மி.மீ. | 780 மி.மீ. | 790 மி.மீ. | 790 மி.மீ. |
| 5 வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் (வரி தனி) | ரூ. 3,851 | ரூ. 3,851 | ரூ. 7,365 | ரூ. 7,365 |
| ஒரு வருடப் பெட்ரோல் | ரூ. 13,800 | ரூ. 16,400 | ரூ. 20,000 | ரூ. 26,500 |

பெட்ரோல் கணக்கு இது: ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர், மாதம் 25 நாள், லிட்டர் 100 ரூபாய். மைலேஜ் முறையே 65, 55, 45, 34 என்று வைத்திருக்கிறேன். விளம்பரத்தில் சொல்வதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், ஊருக்குள் ஓட்டும்போது கிடைப்பது இவ்வளவுதான். இன்சூரன்ஸ் தொகை 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி.

## 100 சிசி: கற்றுக்கொள்ள இதைவிட எளிது இல்லை

ஸ்ப்ளெண்டர், பிளாட்டினா, ஷைன் 100 எல்லாம் இந்த வகை. கிளட்ச் லேசாக இருக்கும், திருப்ப எளிது, எட்டு போட இதைவிட நல்ல வண்டி கிடைக்காது. எந்த ஊர் மெக்கானிக்கிடம் போனாலும் கை வைப்பார், உதிரிபாகம் எந்தக் கடையிலும் கிடைக்கும். நீளமான, தட்டையான சீட். அம்மா உட்கார வசதி, பின்னால் அரிசி மூட்டை கட்டவும் வசதி. விற்கும்போது நல்ல விலை போகும்.

குறை நெடுஞ்சாலையில்தான் தெரியும். 55, 60 வரை சுகமாகப் போகும், அதற்கு மேல் அதிர்வு வரும். பக்கத்தில் ஒரு ஆம்னி பஸ் வேகமாகக் கடந்தால் வண்டி ஆடும். முந்தவேண்டிய நேரத்தில் முறுக்கினால் எதிர்பார்த்த இழுப்பு வராது. இரண்டு பேர் உட்கார்ந்து ஏற்காடு ஏறினால் இரண்டாவது கியரில்தான் பாதி மலை போகும்.

எடை, செலவு, பின்சீட்டு மூன்றிலும் இதற்குத்தான் முதலிடம். பிரேக்கில் கடைசி. கியர் வண்டியே தொடாதவர், ஊருக்குள் மட்டும் ஓடுபவர், டெலிவரி வேலைக்கு எடுப்பவர், வீட்டில் இரண்டு மூன்று பேர் மாற்றி மாற்றி ஓட்டப்போகிறவர்கள் ஆகியோருக்கு இதுவே சரி. "பார்க்கப் பழசா இருக்கே" என்பது மட்டும்தான் உங்கள் தயக்கம் என்றால், அதற்காக வேறு வகைக்குப் போகவேண்டாம்.

## 125 சிசி: பெரும்பாலானவர்களுக்கு என் பரிந்துரை

100-ஐவிடப் பத்துப் பதினைந்து கிலோதான் கூடுதல். ஐந்து கியர் இருப்பதால் 65, 70-இல் எஞ்சின் கத்தாமல் போகும். நான்கு வழிச் சாலையில் இருசக்கர வண்டிக்கு மத்திய அரசு வைத்திருக்கும் உச்சவரம்பே மணிக்கு 80 கிலோமீட்டர்தான். அப்படி இருக்கும்போது புதியவருக்கு இதற்கு மேல் என்ன வேகம் தேவை? மாதம் ஒருமுறை செங்கல்பட்டிலிருந்து விழுப்புரம் போய்வருவதற்கு இது தாராளம்.

இந்த வகைக்குள் ஒரு பிளவு இருக்கிறது. ஷைன் 125 போன்றவை குடும்ப வண்டிகள், நீளமான ஒற்றை சீட். ரைடர், எக்ஸ்ட்ரீம் 125ஆர் போன்றவை இளைஞர்களை மனதில் வைத்துச் செய்தவை. துடிப்பாக இருக்கும், ஆனால் பின் சீட்டு பிரிந்தோ உயர்ந்தோ வரும். அம்மாவையோ பாட்டியையோ அடிக்கடி ஏற்றுபவர்கள் அவர்களையும் ஷோரூமுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யவேண்டும். புடவை சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் பொருத்தும் சாரி கார்டை, அழகுக்காகக் கழற்றிப் போடும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். அது உயிர் சம்பந்தப்பட்டது.

சட்டப்படி கட்டாயம் இல்லாதபோதே எக்ஸ்ட்ரீம் 125ஆர் முன்சக்கர ஏபிஎஸ்ஸோடு வந்தது. 125 வகையில் பார்ப்பவர்கள் அந்த வசதி உள்ள மாடலுக்குச் சில ஆயிரம் கூடுதலாகக் கொடுக்கலாம். ப்ளூடூத், கலர் திரை இவற்றுக்குக் கொடுக்கும் பணத்தை இங்கே மாற்றிப் போடுங்கள்.

கவனிக்கவேண்டிய மறைமுகச் செலவு ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றிய வாழ்நாள் வரிப்படி, விலை 1 லட்சத்துக்குள் இருந்தால் 10 சதவீதம், தாண்டினால் 12 சதவீதம். 125 சிசி வண்டிகளின் மேல்நிலை வேரியன்ட்கள் இந்தக் கோட்டுக்கு அருகில்தான் நிற்கின்றன. 98,000 ரூபாய் வண்டிக்கு வரி 9,800. 1,02,000 ரூபாய் வண்டிக்கு 12,240. விலையில் 4,000 கூடினால் கையிலிருந்து போவது 6,400-க்கு மேல்.

## 150–160 சிசி: பைபாஸில் தினமும் ஓடுபவருக்கு

அப்பாச்சி 160, பல்சர் 150, எஃப்இசட், யூனிகார்ன். ஏபிஎஸ் வந்துவிடும், டயர் அகலம், நெடுஞ்சாலையில் 75, 80-இல் நிதானமாக நிற்கும். தினமும் 50, 60 கிலோமீட்டர் பைபாஸில் வேலைக்குப் போகிறவருக்கு 125-ஐவிட இது பாதுகாப்பானது என்றே சொல்வேன். ஓட்டுபவர் களைத்துப்போகாமல் இருப்பதும் ஒரு பாதுகாப்புதான்.

எடை 135 முதல் 148 கிலோ வரை. சராசரி உயரமும் உடல்வாகும் உள்ளவர் இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடலாம். என் கவலை எடையைப் பற்றியது இல்லை, முறுக்கினால் கிடைக்கும் வேகத்தைப் பற்றியது. இந்த வகையில் துடிப்பான மாடல்கள் 16, 17 குதிரைத்திறன் தருகின்றன. ஸ்ப்ளெண்டர் தருவது 8. பிரேக் எவ்வளவு தூரம் எடுக்கும் என்று கைக்குப் பழகும் முன்பே வேகம் கைக்கு வந்துவிடுகிறது. இதை எடுக்கும் புதியவர் யூனிகார்ன், எஃப்இசட் மாதிரி சாந்தமான வண்டியை எடுத்தால் முதல் வருடம் நல்லபடியாகப் போகும்.

இன்சூரன்ஸில் ஒரு விஷயம் உண்டு. கட்டண வரம்பு 150 சிசியில் மாறுகிறது. பல்சர் 150-இன் எஞ்சின் 149.5 சிசி, எஃப்இசட் 149 சிசி. இரண்டும் ஸ்ப்ளெண்டருக்கான கட்டணத்திலேயே அடங்கிவிடும். 159.7 சிசி அப்பாச்சியும் 162.7 சிசி யூனிகார்னும் அடுத்த படிக்குப் போய்விடும். புது வண்டிக்கு ஐந்து வருடத்துக்கான மூன்றாம் நபர் இன்சூரன்ஸை ஒரே தடவையில் கட்டவேண்டும் என்பதால் இந்த 3,514 ரூபாய் வித்தியாசம் முதல் நாளே பில்லில் நிற்கும்.

## 350 சிசி: ஆசை நியாயமானது, நேரம்தான் கேள்வி

புல்லட், கிளாசிக், ஹன்டர் என்று வரும் ராயல் என்ஃபீல்டு வண்டிகள் மேல் உள்ள பிரியத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். திருவொற்றியூரில் தொடங்கி ஒரகடம், வல்லம் வடகால் என்று விரிந்த தொழிற்சாலைகளில் இருந்து வரும் வண்டி. அப்பா, தாத்தா காலத்து ஞாபகம் பல வீடுகளில் இதோடு ஒட்டியிருக்கும். ஓட்டும்போது இது கஷ்டமான வண்டியும் இல்லை. குறைந்த சுற்றிலேயே 27 நியூட்டன் மீட்டர் இழுவை இருப்பதால், கிளட்சைக் கொஞ்சம் தவறாக விட்டாலும் எஞ்சின் அணையாது. அந்த ஒரு விஷயத்தில் 100 சிசியைவிடப் புதியவரை மன்னிக்கும்.

சிரமம் எல்லாம் நிற்கும்போதுதான். ஹன்டர் 181 கிலோ, கிளாசிக்கும் புல்லட்டும் 195. பின்னால் ஒருவரை வைத்துக்கொண்டு மேம்பாலச் சரிவில் நெரிசலில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் இரண்டு கார்களுக்கு நடுவில் இருந்து பின்னால் இழுப்பதை நினைத்துப் பாருங்கள். கீழே விழுந்த வண்டியைத் தனியாகத் தூக்கி நிறுத்த முடியுமா என்பதும் கேள்வி.

செலவிலும் பல இடங்களில் கூடும். எஞ்சின் ஆயில் 100 சிசிக்குப் போடுவதைப்போலக் கிட்டத்தட்ட இரு மடங்கு. டயர் விலை அதிகம். ஸ்போக் வீல் மாடல்களில் ட்யூப் டயர் என்பதால், வழியில் பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்றித்தான் ஒட்டவேண்டும். பெட்ரோலில் மட்டும் 125-ஐவிட வருடம் 10,000 ரூபாய் கூடுதல். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததில் இவற்றின் விலையும் இறங்கியது உண்மை. ஓட்டும் செலவு அதனால் இறங்கவில்லை.

வீட்டு வண்டியில் இரண்டு மூன்று வருடம் ஓட்டிப் பழகியவர், நல்ல உயரமும் பலமும் உள்ளவர், வார இறுதியில் நீண்ட தூரம் போகவே வண்டி எடுப்பவர். இந்த மூன்றும் பொருந்தினால் எடுங்கள், ஹன்டரில் தொடங்குங்கள். கியரே போடத் தெரியாதவர் என்றால் ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள்.

## பழைய வண்டி என்ற ஐந்தாவது வழி

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. புதிதாக ஓட்டுபவர் முதல் சில மாதங்களில் வண்டியை எங்காவது இடிப்பார், கீறுவார், கிளட்ச் பிளேட்டைத் தேய்ப்பார். அது கற்றுக்கொள்ளுதலின் ஒரு பகுதி. அந்தக் கீறல்களைப் பழைய வண்டி வாங்கிக்கொள்ளட்டும். ஒரு வருடம் ஓட்டிவிட்டு விற்றால் பெரிய நஷ்டம் இருக்காது, அதற்குள் உங்களுக்கு எந்த அளவு வண்டி வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

எந்த வருட மாடல் என்பது முக்கியம். 2020 ஏப்ரலுக்கு முந்தையவை பெரும்பாலும் கார்புரேட்டர் வண்டிகள். தெருமுனை மெக்கானிக் சரிசெய்துவிடுவார். ஆனால் 2019 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகளில் பெரும்பாலானவற்றில் ஏபிஎஸ், சிபிஎஸ் இரண்டுமே இருக்காது. 2023 ஏப்ரலுக்கு முன்பு செய்தவை இ20 பெட்ரோலை (20 சதவீதம் எத்தனால் கலந்தது) மனதில் வைத்துச் செய்தவை அல்ல என்பதால், பெட்ரோல் ஹோஸ், ரப்பர் பாகங்களைப் பார்த்து மாற்றவேண்டியிருக்கலாம். என்னைக் கேட்டால் 2020-க்குப் பிந்தைய 100 அல்லது 125 சிசியைத் தேடச் சொல்வேன்.

பார்க்கப் போகும்போது காலையில் போங்கள், நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யவேண்டாம் என்று சொல்லிவையுங்கள். போனதும் முதலில் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகும் சிரமத்தை மறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்புங்கள். நடுவில் ஓரிடத்தில் பிடித்தால் கோன் செட் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்) போயிருக்கிறது. ஸ்ப்ராக்கெட் பற்கள் கொக்கிபோல வளைந்திருந்தால் செயின் செட் மொத்தமும் மாற்றவேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2322 என்றால் 2022-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. பூ தேயாமல் இருந்தாலும் பழைய டயர் பழைய டயர்தான்.

காகிதம் இதைவிட முக்கியம். ஆர்சியில் உள்ள எஞ்சின், சேஸிஸ் எண்களை வண்டியோடு ஒப்பிடுங்கள். கடன் பாக்கி என்று ஆர்சியில் வங்கி பெயர் இருந்தால் தடையில்லாச் சான்றும், அந்தக் கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-உம் வரும்வரை முழுப் பணம் கொடுக்கவேண்டாம். கட்டாத அபராதங்களைப் பரிவாகன் தளத்தில் பார்க்கலாம். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, பெயர் மாற்றத்தையும் இன்சூரன்ஸ் மாற்றத்தையும் 14 நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

## பில்லில் பார்க்கவேண்டியவை

கடன் வாங்குபவர்கள் "10 சதவீத வட்டி" என்றதும் அது ஃபிளாட்டா (கடைசிவரை முழுக் கடன் தொகைக்கும் வட்டி), குறையும் அசல் மீதா (மீதி இருக்கும் கடனுக்கு மட்டும் வட்டி) என்று கேளுங்கள். 80,000 ரூபாயை மூன்று வருடத்துக்கு 10 சதவீத ஃபிளாட்டில் வாங்கினால் வட்டி 24,000, மாதத் தவணை சுமார் 2,890. குறையும் அசல் கணக்கில் இது கிட்டத்தட்ட 18 சதவீத வட்டி. வங்கியில் தனிநபர் கடன் இதைவிடக் குறைவாகக் கிடைக்குமா என்று ஒருமுறை விசாரியுங்கள்.

ஹேண்ட்லிங் சார்ஜ், டெஃப்லான் கோட்டிங் என்ற வரிகள் இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் மறுபடி எடுக்கத் தேவையில்லை. கிராஷ் கார்டு மட்டும் புதியவருக்கு நிச்சயம் வேண்டும். இலவச சர்வீஸில் இலவசம் கூலிதான், ஆயிலுக்குப் பணம் கட்டவேண்டும்.

அப்புறம் ஹெல்மெட். வண்டி பட்ஜெட்டில் 5,000 ரூபாயை முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள, தலைக்கு இறுக்கமாகப் பொருந்தும் முழுமுக ஹெல்மெட் உங்களுக்கு ஒன்று, பின்னால் உட்காருபவருக்கு ஒன்று, கையுறை. இதற்குப் பணம் போதவில்லை என்றால் வண்டியில் ஒரு வேரியன்ட் கீழே இறங்குங்கள்.

## இன்னும் முடிவு வராதவர்கள்

டெஸ்ட் ரைடு கேட்கும்போது ஷோரூம்காரர் காட்டும் நேரான சாலையில் மட்டும் ஓட்டிவிட்டுத் திரும்பாதீர்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே பத்தடி பின்னால் தள்ளுங்கள். இறங்கி நின்று சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். ஒரு தெருவின் அகலத்துக்குள் கால் ஊன்றாமல் திருப்புங்கள். வழக்கமாகப் பின்னால் உட்காரப்போகிறவரை ஏற்றிக்கொண்டு நின்று கிளம்பிப் பாருங்கள். இந்த நான்கில் இரண்டில் தடுமாறினால் ஒரு படி சின்ன வண்டியை எடுங்கள். உரிமம் இன்னும் வராதவர்கள் இதே சோதனையை, ஓட்டத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு காலி மைதானத்தில் தெரிந்தவர் வண்டியில் செய்து பார்க்கலாம். எல்எல்ஆர் மட்டும் கையில் இருக்கட்டும்.